ஊரைச் செய்தவர் யார்?

பினாங்கு என்றாலே தீவு என்று எண்ணிப் பழகிவிட்டவர்களுக்குச் சுங்கை பாக்காப் ஒரு சாலைப் பலகையாக மட்டுமே தெரிந்திருக்கும். பட்டர்வொர்த்திலிருந்து தெற்கே செல்லும் பழைய கூட்டரசுச் சாலையில், சிம்பாங் அம்பாட்டைக் கடந்து நிபோங் திபாலை எட்டுமுன் வருகின்ற சிற்றூர் அது. பழைய கடைவீடுகள், ஒரு சந்தை, ஓர் அரசாங்க மருத்துவமனை, சீனக் குடும்பமொன்றின் முன்னோர் இல்லம், ஒரு தமிழ்ப்பள்ளி, சுற்றிலும் செம்பனையும் புதிய வீடமைப்புப் பகுதிகளும். வண்டியில் செல்வோர் இவற்றைக் கண்டும் காணாமலும் கடந்துவிடுவர். போக்குவரத்து நெரிசல் பிடித்து நிறுத்தினால் மட்டும் சற்றே பார்ப்பர்.

இவ்வூரை உண்டாக்கியவர் யார் என்று கேட்டால் ஒரே விடைதான் வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனத்தின் தியோச்சியூ வட்டாரத்திலிருந்து வந்து, கரும்பு பயிரிட்டுப் பெருஞ்செல்வரான கீ லாய் ஹுவாட் என்பவரே ஊரின் தந்தை என்பது அவ்விடை. இதைப் பொய் என்று கூற எவருக்கும் உரிமை இல்லை. வறியவராய் வந்து உழைப்பால் உயர்ந்தவர் அவர். ஊரின் வளர்ச்சியில் அவர் பங்கு பெரிது. அவர் குலத்தார் தம் முன்னோர் இல்லத்தை இன்றுவரை காத்து வருவது போற்றத்தக்கது. பொய் வேறோரிடத்தில் இருக்கிறது. ஒருவர் பெயரைச் சொன்னதும் வரலாறு முடிந்துவிட்டது என்று ஏட்டை மூடுகிறார்களே, அங்கே இருக்கிறது.

கரும்பு தானே விளைந்ததா? கடல்நீர் ஏறியிறங்கிய சதுப்பு நிலம் தானே வரண்டு கழனியாயிற்றா? செபராங் பிறையின் தென்பகுதியில் கரும்புத் தோட்டம் அமைப்பதென்றால் முதல் வேலை நடவு அன்று. கரை கட்டுவதும் கால்வாய் வெட்டுவதுமே. அலையாத்திக் காட்டை அழித்து, சேற்றில் இடுப்பளவு நின்று, மண்ணை வெட்டி மேட்டில் எறிந்து கரை எழுப்பிய பின்னரே கரும்பு ஊன்ற முடிந்தது. வெட்டிய கால்வாய் வடிகாலாகவும் பயன்பட்டது. வெட்டிய கரும்பைப் படகில் ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோகும் வழியாகவும் பயன்பட்டது. இன்று வளர்ச்சித் திட்ட அறிக்கைகளில் ‘அடிப்படை வசதிகள்’ என்ற தலைப்பின்கீழ் வடிகாலுக்கு முதலிடம் தருகிறார்கள். இவ்வட்டாரத்தின் முதல் வடிகாலை வெட்டிய கைகள் எவை என்ற குறிப்பு மட்டும் அவ்வறிக்கைகளில் இடம்பெறுவதில்லை.

அக்கைகளுள் பெரும்பகுதி தமிழர் கைகள். சீனக் கூலிகளும் சிறு பயிரிடுவோரும் உடனுழைத்தனர். அதை மறைப்பது இன்னொரு பொய்யாகும். ஆனால் ஐரோப்பியர் நடத்திய பெருந்தோட்டங்கள் நம்பியிருந்தது நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த ஒப்பந்தக் கூலிகளையே. 1840களில் தொடங்கிய அம்முறை 1910இல் ஒழிக்கப்படும் வரை ஏறத்தாழ 2,50,000 பேரை மலாயாவுக்குக் கொணர்ந்தது என்பது ஆய்வாளர் கணக்கு. அவர்களில் தொடக்க காலத்தோர் மிகுதியாக வந்திறங்கியது அன்று வெல்லெஸ்லி மாகாணம் எனப்பட்ட இந்தச் செபராங் பிறைக்குத்தான். கப்பல் செலவு கடனாக எழுதப்பட்டது. கடன் தீரும் வரை வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. ஒப்பந்தம் முடியுமுன் வெளியேறினால் அது குற்றம், அதற்குச் சிறை. குளிர்சுரமும் வயிற்றுப்போக்கும் ஆறாத காற்புண்ணும் கொண்டுபோனவர்களுக்குக் கல்லறை ஏது, கல்வெட்டு ஏது? அவர்களைப் புதைத்த இடத்தின்மீது பின்னர் இரப்பர் நட்டார்கள். இரப்பருக்குப் பின் செம்பனை. செம்பனைக்குப் பின் இன்று இரட்டை மாடி வீடுகள்.

சுங்கை பாக்காப்பை அடுத்துள்ள வால்டோர் என்னும் இடத்தின் பெயர் பிரெஞ்சு மொழியில் பொன் பள்ளத்தாக்கு எனப் பொருள்படுவது. யாருக்குப் பொன், யாருக்குப் பள்ளம் என்பதைப் பெயரிட்டவன் சொல்லவில்லை.

இங்கே தமிழ்ச் சமுதாயத்தின் பெருங்குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் துன்புற்ற பெண்களை எண்ணிப் பாரதியார் பாடிய பாட்டை அறியாத தமிழ் மேடை மலேசியாவில் இல்லை. பள்ளி விழாக்களில் பிள்ளைகள் அதைப் பாடக் கேட்டுக் கண் கலங்காத பெரியோர் இல்லை. கலங்கட்டும், கலங்க வேண்டிய பாட்டே அது. ஆனால் பிஜிக்கு முதல் ஒப்பந்தக் கப்பல் போய்ச் சேர்ந்தது 1879இல். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்பே பிறைக் கரையின் கரும்புக் காட்டில் தமிழன் இருந்தான். பாட்டைக் கேட்டுவிட்டு வெளியே வந்து, வண்டியில் ஏறி, அதே கரும்புக் காட்டின் மேல் போட்ட சாலையில் வீடு திரும்புகிறவர்களுக்குத் தம் காலடியில் ஒரு பிஜி புதைந்திருப்பது தெரியாது. தொலைவிலுள்ள துன்பத்துக்கு அழுவது எளிது. அதற்குக் கணக்குக் கேட்க வேண்டியதில்லை.

வரலாறு வேண்டுவோருக்கு இவ்வட்டாரத்தில் வேறொரு காட்சி காட்டப்படுகிறது. நிபோங் திபால் கலிடோனியாத் தோட்டத்தில் பாழடைந்து நிற்கும் ‘தொண்ணூற்றொன்பது கதவு மாளிகை’ அது. ராம்ஸ்டன் குடும்பத்தார்க்கு உரியதாயிருந்த அம்மாளிகையில் ஜான் ராம்ஸ்டன் என்னும் துரை 1948 ஜூன் மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலையையும், அங்கே ஆவி உலவுகிறது என்னும் கதையையும் தேடி நள்ளிரவில் விளக்கேந்தி இளைஞர்கள் போகிறார்கள், படம் பிடிக்கிறார்கள், பத்திரிகைகள் எழுதுகின்றன. ஒரு துரையின் ஒரு சாவு முக்கால் நூற்றாண்டாகப் பேசப்படுகிறது. மாளிகைக் கதவுகள் தொண்ணூற்றொன்பதும் எண்ணப்பட்டன. அத்தோட்டத்து லயங்கள் எத்தனை, ஒரு லயத்துக்கு எத்தனை கதவு, ஒரு கதவுக்குப் பின்னால் எத்தனை பேர் என்று எவரேனும் எண்ணினரா? ஆவிகளுக்குள்ளும் துரைக்கே முன்னுரிமை!

‘இறந்துபோனதைக் கிளறுவானேன்? இன்றைக்குத் தண்ணீர் வேண்டும், சாலை வேண்டும், மருத்துவமனை வேண்டும்; அவற்றைக் கேளுங்கள்’ என்று அறிவுரை கூறுவோர் உண்டு. நடைமுறை அறிந்தவர்கள் என்று பெயரெடுத்தவர்கள் அவர்கள். நடைமுறையையே பார்ப்போம் என்றாலும் அவர்கள் வாதம் நிற்கவில்லை. ஏனெனில் வசதி என்பது உரிமையைப் பின்தொடர்ந்து வருவது. உரிமை என்பது ‘இவர் இங்கே இருந்தவர்’ என்னும் பதிவைப் பின்தொடர்ந்து வருவது. பதிவில்லாதவனுக்குக் கிடைப்பதெல்லாம் சலுகை. சலுகையைத் தந்தவன் திரும்பப் பெறலாம்.

தமிழ்ப்பள்ளியை எடுத்துக்கொள்க. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்தும் பொறுப்பைத் தோட்ட உரிமையாளர்மீது சுமத்தியது. துரைமார் சட்டத்துக்கு அஞ்சி ஒரு கொட்டகை போட்டனர். கொட்டகையின் நிலம் தோட்டத்தின் நிலம். நாடு விடுதலை பெற்றது. பள்ளிகள் தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்றது. நிலம் மட்டும் துரையிடமே, துரைக்குப் பின் நிறுவனத்திடமே இருந்தது. நிலம் அரசுக்குரியதன்று என்பதனாலேயே நாட்டின் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை ‘பகுதி உதவி பெறும் பள்ளி’ என்னும் வகைக்குள் தள்ளப்பட்டன. கூரை ஒழுகினால் பெற்றோர் ஆசிரியர் சங்கம் விருந்து நடத்தி நன்கொடை திரட்ட வேண்டிய நிலைக்கு ஆணிவேர் இதுவே. இன்றைக்கு ஒரு வகுப்பறைக்காக மனு எழுதுகிறவர், நூறாண்டுக்கு முன் ஒரு கொட்டகைக்கு இடம் விட்ட துரையின் கையெழுத்தோடுதான் போராடுகிறார். வரலாறு இறந்துபோனது என்று சொல்பவர், இத்தகைய பள்ளியொன்றில் மழைக்காலத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும். செபராங் பிறைத் தெற்கில் ஜாவி, வால்டோர், சங்காட், பைராம், செம்பா, பத்து கவான், திரான்ஸ்கிரியான் என்று எத்தனை தமிழ்ப்பள்ளிகள் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன! சுற்றியிருந்த தோட்டம் போய்விட்ட பின்னும் பள்ளிப் பலகையில் தோட்டம் என்ற சொல் மிஞ்சியிருக்கிறது. தமிழர் அங்கே இருந்ததற்குப் பொதுவில் மிஞ்சிய ஒரே எழுத்துச் சான்று பல இடங்களில் அதுவாகவே இருக்கிறது.

வீட்டின் கதை இதைவிடக் கொடியது. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை நின்றால் வீடும் நின்றது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கும் வசதிகளுக்கும் குறைந்தபட்ச அளவு வகுக்கும் சட்டம் 1990இல் வந்தது. குழாய், கழிப்பறை, ஆயாக்கொட்டகை என்று அதில் பலவும் உண்டு. நல்ல சட்டமே. ஆனால் வேலையில் இருக்கும்வரை எப்படி வாழ வேண்டும் என்று அது சொல்லிற்றேயொழிய, நான்கு தலைமுறை வாழ்ந்தவன் தோட்டம் விற்கப்பட்டபின் எங்கே போவது என்பதைச் சொல்லவில்லை. அது வருவதற்குள் துண்டாடல் தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது. 1950களில் வெள்ளைக்காரர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கப்பலேறியபோது, வாங்கியவர்கள் துண்டு துண்டாக விற்றார்கள். தொழிலாளி தெருவில் நின்றான். அந்த வேளையில் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் 1961இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. உழைத்தவனே உடைமையாளன் ஆகலாம் என்பதற்குச் சுங்கை பாக்காப்பிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள அண்டை மாநிலத்திலேயே சான்று இருந்தது. அச்சான்றை எடுத்துக்கொண்டு எல்லாத் தோட்டத்துக்கும் ஓடியிருக்க வேண்டிய சமுதாயம், பதவிப் போட்டியில் காலத்தைக் கழித்தது. சங்கத்தின் குறையன்று அது, கைகொடுக்காதவர்களின் குறை.

பதிவின்மைக்குக் கொடுக்கப்பட்ட விலையைப் பினாங்குத் தமிழர் கண்ணாரக் கண்ட நாள் ஒன்றும் உண்டு. தீவில் குளுகோரை அடுத்திருந்த கம்போங் புவா பாலா, தமிழர் மாடு வளர்த்து வாழ்ந்த பசுமையான குடியிருப்பு. பிரவுன் குடும்பத்தின் தோட்டத்தில் உழைத்த முன்னோரின் வழிவந்தவர்கள் என்று அம்மக்கள் முறையிட்டனர். நிலம் தங்களுக்கென விடப்பட்டது என்றனர். வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றது. நீதிமன்றம் பத்திரத்தைப் பார்த்தது. 2009 செப்டம்பரில் மண்வாரி இயந்திரங்கள் வந்தன. அன்று கண்ணீர் வடித்து அறிக்கை விட்டவர் எத்தனை பேர்! அதற்கு ஐம்பதாண்டுகளுக்கு முன்பே அம்மக்களின் பெயர்களையும் அவர்கள் குடியிருந்த காலத்தையும் எழுதிவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணியவர் அவர்களுள் எத்தனை பேர்?

இனிச் சுங்கை பாக்காப்பைச் சுற்றி எழும்பியுள்ள வளர்ச்சியைப் பார்க்கலாம். 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்றது. அதன் ஜாவி வாயில் ஊருக்கு அருகிலேயே இருக்கிறது. 1990களில் பத்து கவான் தோட்ட நிலம் புதுநகராக்கப்பட்டது. 2000இல் அங்கே விளையாட்டரங்கம் எழுந்தது. 2014இல் இரண்டாவது பினாங்குப் பாலம் அதே பத்து கவானில் வந்து கால் ஊன்றியது. 2019இல் ஐக்கியா என்னும் சுவீடன் நாட்டு மரச்சாமான் அங்காடி அங்கே திறக்கப்பட்டது. அதே ஆண்டில் செபராங் பிறை மாநகரத் தகுதி பெற்றது. பன்னாட்டுத் தொழிற்சாலைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஒப்பந்தக் கூலி கரை கட்டிக் காத்த மண் இன்று சதுர அடிக் கணக்கில் விலை போகிறது.

மாநகரத்தின் ஊருக்குக் கிட்டியது என்ன? மருத்துவமனை இருக்கிறது, பெரிய நோய் என்றால் செபராங் ஜெயாவுக்கு அனுப்புகிறார்கள். சாலை இருக்கிறது; துரை காலத்துச் சாலையில் இன்றைய தொழிற்சாலைப் பேருந்துகளும் லாரிகளும் வீட்டு வண்டிகளும் முண்டியடிக்கின்றன. தண்ணீரின் கதை தனிக்கதை. மாவட்டத்தின் தென்னெல்லையில் கிரியான் ஆறு ஓடுகிறது. மாநிலமோ மிகப் பெரும்பாலும் வடகோடியிலுள்ள மூடா ஆற்றையே நம்பியிருக்கிறது. சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் இரண்டு அடைப்பிதழ்களை மாற்றுவதற்காக 2024 ஜனவரி 10 முதல் நான்கு நாள் மாநிலம் முழுவதும் நீர் நிறுத்தம் அறிவிக்கப்பட்டபோது, குழாயின் கடைசியில் இருப்பவர் படும்பாட்டைத் தெற்குப் பகுதி மக்களுக்கு எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பாலமும் அங்காடியும் வந்து சேர்ந்த வேகத்தில் நீர் வந்து சேரவில்லை.

அவ்வாண்டு ஜூலை 6ஆம் நாள் சுங்கை பாக்காப் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. வாக்காளர் 39,279 பேர். அவர்களுள் ஏறத்தாழ ஆறில் ஒருவர் இந்தியர். இரண்டு வாரம் ஊருக்குக் கிடைத்த சிறப்பு இருக்கிறதே! அமைச்சர்கள் நடந்தார்கள், காப்பிக்கடையில் அமர்ந்தார்கள், கோயிலில் மாலை வாங்கிக்கொண்டார்கள், நெரிசலும் தண்ணீரும் மருத்துவமனையும் அன்றுதான் கண்டுபிடிக்கப்பட்டவை போலப் பேசப்பட்டன. நூற்றுக்கு 63 பேரளவில் வாக்களித்தனர். எக்கட்சி வென்றது என்பதில் இக்கட்டுரைக்கு அக்கறை இல்லை. ஆறில் ஒருவராய் இருக்கும் மக்களிடம் வந்து நின்ற இரு சாராரும் ‘என்ன வேண்டும்?’ என்றே கேட்டனர். ‘உங்களுக்கு இங்கே என்ன சேர வேண்டியிருக்கிறது?’ என்று கேட்கவில்லை. முன்னது தருமம் செய்வோன் கேட்கும் கேள்வி. பின்னது கடன்பட்டவன் கேட்கும் கேள்வி. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்ச் சமுதாயமே மறந்துவிட்டபோது, வந்தவர் நினைவுபடுத்துவர் என்று எதிர்பார்ப்பது பேதைமை.

பழியைப் பிறர்மீதே போட்டுவிட்டு ஓய்வது நேர்மையாகாது. கீ குலத்தார் தம் முன்னோரின் பெயர்ப் பலகைகளைக் காத்தார்கள். ஆகவே ஊர் அவர்களுடையது என்று எழுதப்பட்டது. அது அவர்கள் செய்த சூதன்று, கடமை. தமிழர் சங்கங்கள் எதைக் காத்தன? ஆலயக் குடமுழுக்கு மலர்களைப் புரட்டிப் பார்த்தால் உண்மை விளங்கும். முதற்பக்கங்களில் வாழ்த்துரைகள், அடுத்துப் பொன்னாடை போர்த்தும் படங்கள், கடைசியில் விளம்பரங்கள். ‘ஆலய வரலாறு’ என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் ‘பாட்டாளி மக்களால் சிறு குடிலாக எழுப்பப்பட்டது’ என்று ஒரு வரி இருக்கும். எந்தப் பாட்டாளி? எந்த லயம்? எந்த ஊரிலிருந்து வந்தவர்? எழுதியவருக்கு ஒரு கிழவியைக் கேட்கப் பொறுமையிருந்திருந்தால் தெரிந்திருக்கும். தோட்ட அலுவலகங்கள் மூடப்பட்டபோது, ஆள்வரவும் சம்பளமும் எழுதிய செக்ரோல் ஏடுகளைக் கேட்டுப் போனவர்கள் பழைய காகிதம் வாங்குவோர்தாம், எழுத்தாளர் அல்லர். சங்கத்தில் சிறுகதைப் போட்டி நடந்துகொண்டிருந்தது.

எழுத்தாளருக்கு இது சுடும் என்றால் சுடட்டும். இரப்பரைப் பற்றிக் கதைகள் வந்தன. சயாம் மரண இரயிலைப் பற்றியும் நாவல் வந்தது. அவை அழியாத தொண்டு. கரும்புக் காலத்தை வாய்மொழியாகக் கேட்டறிந்த தலைமுறை கண்ணெதிரே இருந்தபோது அதைக் குறித்துக்கொண்டவர் மிகச் சிலர். அத்தலைமுறை போய்விட்டது. ஆனால் அவர்களிடம் கேட்டு வளர்ந்த பேரப்பிள்ளைகள், இன்று எழுபதும் எண்பதும் ஆன பாட்டிமாரும் தாத்தாமாரும், இன்னும் இவ்வூர்களில் இருக்கிறார்கள். பிரட்டுக்குச் சங்கு ஊதிய நேரம், பால்கொட்டகை இருந்த இடம், சுடுகாடு இருந்த மேடு, எந்தக் கங்காணி எந்த ஊரிலிருந்து யார் யாரை அழைத்து வந்தான் என்பன அவர்கள் நாவில் இருக்கின்றன. சுங்கை பாக்காப் தமிழ்ப்பள்ளியும் வால்டோர், ஜாவிப் பள்ளிகளும் தத்தம் பழைய சேர்க்கைப் பதிவேடுகளை எடுத்துப் படி எடுக்கலாம். தந்தை பெயர், தொழில் என்னும் இரண்டு கட்டங்களே ஒரு தோட்டத்தின் பாதிக் கதையைச் சொல்லும். ஆலயங்கள் பழைய உபயக்காரர் பட்டியல்களை வெளியே கொணரலாம். இந்தியரும் அமர்ந்துள்ள மாநகர் மன்றத்தில் ஒருவர் எழுந்து, புதிய வீடமைப்புப் பகுதிக்கு மலர்ப் பெயர் சூட்டுவதற்கு முன் அந்நிலத்தின் பழைய தோட்டப் பெயரைப் பரிசீலிக்குமாறு கேட்கலாம். இவற்றுள் எதற்கும் அமைச்சர் வர வேண்டியதில்லை; மானியம் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும், சுங்கை பாக்காப் மருத்துவமனையின் வெளிநோயாளர் கூடத்தில் காலை எட்டு மணிக்கே வந்து எண் வாங்கிக் காத்திருக்கும் முதியவர்களின் பக்கத்தில் உட்கார ஓர் ஆளும் போதும்.